ஹெக்டரிடம் காலையில் கேட்கும் கேள்வி

கொட்டாஞ்சேனை
14 ஜனவரி 2024

அன்பின் மகள் ஷெரோமிக்கு,

நானும் என் இரண்டு முழங்கால்களும் ஆண்டவர் கிருபையால் இன்னும் நடமாடுகிறோம். நீயும் மருமகனும் என் பேத்தி அனெற்றும் சுகமென்று நம்புகிறேன். நீ அனுப்பிய நத்தார் வாழ்த்து மட்டை வந்து சேர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

உன் டடியைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது நம் பேச்சு. தொலைபேசி வேண்டாம் மாமி, கடிதம் மட்டும் போடுங்கோ, உங்கள் குரலுக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டால் எனக்குக் குமட்டிச் சத்தி வரும் என்றாய். நானும் ஓமென்றேன். இன்றைக்கு அந்தப் பேச்சை மீறுகிறேன். என் வீட்டில் என் மூக்குக்குக் கீழே நடப்பதை விட்டுவிட்டு வேறு எதை எழுத? மரக்கறி விலையையா?

என் தம்பி ஹெக்டரின் வயிறு நத்தாருக்கு முன்னரே வீங்கத் தொடங்கியது. முதலில் வாய்வு என்றான். பிறகு இடுப்பில் சாரம் கட்ட முடியவில்லை. கால் இரண்டும் ஊதி, அமத்தினால் விரல் போன இடம் குழியாகவே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டது என்று சொல்லி, வயிற்றில் ஊசி குத்தி வாளி நிறையத் தண்ணீர் எடுத்தார்கள். மஞ்சள் நிறம். நுரை வேறு. வாளியை என் காலடியில் வைத்துவிட்டுத் தாதி தேநீர் குடிக்கப் போய்விட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் பார், அன்றைக்குப் பிடித்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை. பருப்புக் கறி வைக்கவே மனமில்லை.

குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது, அதையும் சொல்ல வேண்டும். தனியாகக் குடித்துக் கிடந்த முகத்துவாரத்து அறையிலிருந்து அவனை நான் இழுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. இவ்வளவு நாளும் குடித்து ஈரலைத் தின்றுவிட்டு, இப்போது நல்ல பிள்ளை. சீ.

உன் வேலையைப் பற்றி எழுது. அனெற்றுக்கு என் முத்தங்கள்.

அன்புள்ள மாமி,
கொன்ஸ்ரன்ஸ்


மெல்பேர்ண்
6 பெப்ரவரி 2024

அன்பு மாமிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் பிரஷர் எப்படி? குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா, அல்லது பாதிரியார் சொன்னாரென்று நோன்போடு அதையும் விட்டுவிடுகிறீர்களா?

இங்கே வெயில் நெருப்பாக எரிக்கிறது. அனெற் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். முதல் நாள் அழவேயில்லை, நான்தான் காருக்குள் இருந்து அழுதேன். முதியோர் இல்லத்தில் எனக்கு இப்போது பகல் வேலை. உங்கள் மருமகனுக்குப் புது மனேஜர், பழையவரைவிட மோசம்.

உங்கள் முதுகு ஏற்கெனவே சரியில்லை. பாரம் தூக்க வேண்டாம். யாரையும் தூக்க வேண்டாம்.

அன்புடன்,
ஷெரோமி


கொட்டாஞ்சேனை
3 மார்ச் 2024

என் அன்பு மகளுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும் என்பதே என் மன்றாட்டு.

குடித்துவிட்டான். நாய் வாலை நிமிர்த்தப் போன எனக்கு வேண்டும்!

வெள்ளிக்கிழமை தொடக்கம் பகலெல்லாம் குறட்டை, இரவெல்லாம் விழிப்பு. நாக்குக் குழறுகிறது. நேற்றுக் காலை என்னிடம் வந்து, "அக்கா, ஏழாம் இறங்குதுறையிலை கப்பல் கட்டியாச்சு, காலுக்கு என்ரை சப்பாத்தைத் தா" என்கிறான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்று எத்தனை காலம்! சப்பாத்தை எங்கே வைத்திருக்கிறேனென்று அலுமாரியைத் திறந்தவன், அப்படியே நின்றபடி உள்ளே சலம் பெய்தான். என் ஞாயிற்றுக்கிழமைச் செருப்புக்குள் பெய்தான், ஷெரோமி. என் மரணச் சடங்குக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சேலையின் ஓரத்திலும் தெறித்துவிட்டது.

வாயில் ஒரு மணம். அழுகின பழத்தின் இனிப்பு மணம், அதற்குள் மீன் கழுவின தண்ணீர் மணம். எந்தக் கழிசறைச் சாராயத்தை வாங்கிக் குடித்தானோ தெரியாது. போன ஞாயிறு பிறெடி வந்து போனவன். அவனுடைய பழைய குடிக்கூட்டாளி, உனக்குத் தெரியும்தானே, முன்பல் இல்லாதவன். கையில் வாழைப்பழச் சீப்பு, இடுப்பில் என்ன இருந்ததோ! இன்றைக்குப் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் வைத்தே அவனுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தேன். "அன்ரி, சத்தியமா நான் ஒண்டும் குடுக்கேல்லை" என்று நெஞ்சில் சிலுவை அடையாளம் போடுகிறான். கள்ளன்.

ஹெக்டரைப் பின்னறையில் போட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். வெறி முறியட்டும். சோற்றை மட்டும் உள்ளே தள்ளுகிறேன். உன் அம்மா எவ்லின் இவனோடு எப்படிக் காலம் தள்ளினாளோ, அவள் பரலோகத்தில் முன்வரிசையில் இருப்பாள்.

நீ சொன்னதுதான் சரி. இந்த மனிசனைப் பற்றி இனி எழுதமாட்டேன்.

மாமி


கொட்டாஞ்சேனை
9 மார்ச் 2024

அன்பு ஷெரோமிக்கு,

போன கடிதம் உன் கைக்கு வருமுன் இது வந்துவிட வேண்டுமென்று மன்றாடுகிறேன், ஆனால் தபால்காரருக்கு என் மன்றாட்டுத் தெரியாது.

அவன் குடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கஞ்சியோடு கதவைத் திறந்தபோது என்னை யாரென்று தெரியாமல் பார்த்தான். உடம்பு காய்ச்சலில் காய்ந்தது. வயிற்றில் கை வைத்ததும் கத்தினான். கீழ்மாடிப் பௌஸி தன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார். வார்ட்டில் ஒரு டொக்டர் பிள்ளை, பைறோஸா என்று பெயர், தலையில் முக்காடு, வயது உன்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வந்தவுடனே வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். தண்ணீர் இந்த முறை மஞ்சளில்லை, அரிசி கழுவினது மாதிரி கலங்கல்.

"எத்தின நாளா இப்பிடி ஈக்கிறாரு அன்ரி?" என்று கேட்டாள்; இருக்கிறாரு அவள் வாயில் ஈக்கிறாரு. குடித்துவிட்டு வெள்ளிக்கிழமையிலிருந்து இப்படி என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை! "இது குடியில்ல அன்ரி. ரத்தத்துல ஒரு சொட்டு மதுவும் இல்ல. வயித்துத் தண்ணியில கிருமி ஏறியீக்கி. அது ஏறினா ஈரல் பழுதான ஆக்களுக்குப் புத்தி மாறாடும். வாய்ல வாற அந்த மணமும் சாராயமில்ல, ஈரல்ட மணம்."

அப்போது எனக்கு என் மேலேயே வந்த அருவருப்பை எப்படி எழுத? வியாதிக்காரனைப் பூட்டி வைத்து, பூனைக்குத் தள்ளுவதுபோல் சோறு தள்ளியிருக்கிறேன். பிறெடியிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது அதைவிடக் கசப்பு.

அந்தப் பிள்ளை என்னை உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். இந்தக் கிருமி ஒருதரம் வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்த வருடத்தைக் காண்பதில்லையாம். சிறுநீரகம் தாங்க வேண்டும், மாறாட்டம் தெளிய வேண்டும், எல்லாவற்றையும்விட நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்காம். கடைசியில், "குடிய விட்டு வருசத்துக்கு மேலென்டா ஈரல் மாத்துறதுக்கு யோசிக்கலாம். சொந்தத்துல ஒராள் ஒரு துண்டு குடுக்கணும். நீங்க வயசு போனவங்க. அவருக்குப் புள்ளைகள் ஈக்காங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

ஷெரோமி, நான் வாயால் பொய் சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை. இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் உன்னிடமும் பொய் சொன்னதாகிவிடும்.

நேற்று அவனுக்குப் புத்தி தெளிந்தது. பைறோஸா அவனிடமும் கேட்டிருக்கிறாள். அவனும் இல்லையென்றே சொல்லியிருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விசயம் இதுதான்.

செபக் குழுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று எண்ணெயில் பொரித்த பற்றிஸ் தின்றுகொண்டு, "குடி செய்த வேலை" என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள். எண்ணெய்க் கையை அவனுடைய போர்வையில் துடைத்தாள். நான் போன கிழமை பேசினதையே அவள் பேசினாள், அதனால்தான் அவளை அடிக்கவில்லை.

உன் மாமி


மெல்பேர்ண்
28 மார்ச் 2024

அன்பு மாமிக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லையென்று தெரிகிறது.

இல்லையென்று சொன்னதற்கு நன்றி. நான் அப்படியே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு வெள்ளவத்தை மண்டபம் நினைவிருக்கிறதா? என் நிச்சயதார்த்தம். காலி வீதியில் மழை, மண்டபத்துக்குள் நூறு பேர். அவர் மாப்பிள்ளையின் அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போய், அவருடைய சேலையில், காலில், எல்லாம் சத்தி எடுத்தார். யாரும் அசையவில்லை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான்தான் முட்டுக்காலில் இருந்து, என் நிச்சயதார்த்தச் சேலை முந்தானையால் என் மாமியாரின் கால்விரல்களைத் துடைத்தேன். சோற்றுப் பருக்கை, கஜுப் பருப்பு, சாராயம். இன்றைக்கும் கஜு தின்னமாட்டேன். வேலையில் கிழவர்களின் சத்தியை நாள் முழுவதும் துடைக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்வதில்லை. அந்த மணம் மட்டும் கையில் இருக்கிறது.

அதனால் மாமி, தயவுசெய்து எழுதாதீர்கள்.

கிரியேட்டினின் எவ்வளவு என்று சொன்னார்களா? சிறுநீரகத்தின் கணக்கு அது.

ஷெரோமி


கொட்டாஞ்சேனை
21 ஏப்ரல் 2024

அன்பின் மகளுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள் பிந்தி வருகின்றன, பொறுத்துக்கொள். பிரஷர் கொஞ்சம் கூட, அதைத் தவிரச் சுகம்.

எழுதாதே என்றும் சொல்கிறாய், கேள்வியும் கேட்கிறாய். நீ உன் டடியின் பிள்ளைதான், மறுக்காதே. சிறுநீரகம் தாங்கியது. ஒன்று தசம் ஒன்று என்று பைறோஸா எழுதித் தந்தாள். நரம்பில் அல்புமின் ஏற்றினார்கள், அன்ரிபயோட்டிக் ஏற்றினார்கள், வீட்டுக்கும் நாளொன்றுக்கு ஒரு குளிசை தந்தார்கள். பெரிய வாரத்தில் வீட்டுக்கு வந்தான்.

இப்போது எங்கள் வீட்டுச் சீவியத்தைக் கேள். உப்பில்லாச் சாப்பாடு, எனக்கும் அதுதான், இரண்டு சட்டி வைக்க எனக்குப் பைத்தியமா? புத்தி மாறாடாமல் இருக்க ஒரு இனிப்புப் பாணி மருந்து. அதைக் குடித்தால் நாளைக்கு மூன்று நான்கு தரம் வயிற்றால் போக வேண்டும். போகாவிட்டால் நச்சு மூளைக்கு ஏறுமாம். ஆக, நான் அறுபத்தொன்பது வயதில் காலை எழும்பி, "போனியா? எத்தினை தரம்? இளக்கமா இறுக்கமா?" என்று ஒரு ஆம்பிளையிடம் விசாரிக்கிறேன். துறைமுகக் கந்தோரில் தலைமை டைப்பிஸ்ட்டாக இருந்தவள் நான்.

இன்னொன்று. பைறோஸா சொன்னாள்: "அன்ரி, ஒவ்வொரு நாளும் காலைல எழும்பின ஒடனே ஒரு கேள்வி கேளுங்க. லேசான கேள்வி. பிழையாச் சொன்னா, தடுமாறினா, நிண்ட நிலையில கூட்டி வாங்க. போன முற மாதிரி வெச்சிக்கொண்டீக்காதீங்க." கடைசி வசனத்தைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் குத்தியது.

அதனால் காலையில் முகம் கழுவுமுன் அவனுடைய கட்டிலடியில் போய் நிற்கிறேன். "ஹெக்டர், உன்ரை மகளின்ரை பேர் என்ன?" என்று கேட்கிறேன். "ஷெரோமி" என்கிறான். அதன் பிறகுதான் அடுப்பை மூட்டுகிறேன்.

பிறெடியிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுதான், மூக்கைச் சிந்தி என் கதவு நிலையில் துடைத்தான். இவர்களோடு எப்படித்தான் மனிதத்தன்மையாக இருப்பது?

அனெற்றின் படமொன்று அனுப்பு.

மாமி


மெல்பேர்ண்
12 மே 2024

அன்பு மாமிக்கு,

அனெற்றின் படம் உள்ளே இருக்கிறது. பிரஷர் கூடவென்றால் டொக்டரிடம் போங்கள், செபம் மட்டும் போதாது.

அந்தக் கேள்வியை மாற்றுங்கள். என் பெயரை ஒவ்வொரு காலையும் அந்த வாயில் வைக்க வேண்டாம். இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். வேலையில் நாங்கள் அப்படித்தான் கேட்போம்.

வேறு விசேசமில்லை.

ஷெரோமி


மெல்பேர்ண்
30 ஜூன் 2024

அன்பு மாமிக்கு,

நீங்கள் பதில் போடவில்லை. கோபமா, சுகமில்லையா என்று தெரியவில்லை. கோபமென்றால் பரவாயில்லை.

இங்கே குளிர். அனெற்றுக்குத் தடிமன், மூக்கால் ஓடுகிறது. மற்றபடி சுகம்.

நான் இங்கே டொக்டரிடம் போனேன். என் இரத்த வகையும் உங்கள் தம்பியுடைய இரத்த வகையும் ஒன்று. ஈரலை ஸ்கான் செய்தார்கள், கொழுப்பில்லை, நல்ல ஈரலாம். டொக்டர் பாராட்டினார். வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியில் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குள் இருப்பதைத் துண்டு வெட்டி அந்த உடம்புக்குள் வைப்பதை நினைத்தேன். குமட்டியது. அவர் செத்த பிறகு, நான் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அனெற்றுக்குச் சோறு ஊட்டுவதையும் நினைத்தேன். அது இன்னும் கூடக் குமட்டியது.

அவருக்காக இல்லை. இதை அவரிடம் சொல்லுங்கள், இந்த வரியையே வாசித்துக் காட்டுங்கள்: உங்களுக்காக இல்லை. அந்த டொக்டர் பிள்ளையிடம் பொய்யைத் திருத்திச் சொல்லுங்கள். சோதனைகளுக்கு நான் கொழும்புக்கு வருகிறேன்.

என் தொலைபேசி இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும்.

ஷெரோமி


கொட்டாஞ்சேனை
28 ஜூலை 2024

என் தங்கமான பிள்ளைக்கு,

கோபமில்லை, பிரஷர்தான். இப்போது புதுக் குளிசை, தலை சுற்றுவது நின்றுவிட்டது. அனெற்றின் தடிமன் மாறியிருக்குமென்று நினைக்கிறேன். கொத்தமல்லி அவித்துக் கொடு.

முதலில் கேள்வி. நீ சொன்னபடி மாற்றிப் பார்த்தேன். இன்றைக்கு என்ன கிழமை என்றால், "பென்சன்காரனுக்கு என்ன கிழமை?" என்கிறான். சனாதிபதியின் பெயரைக் கேட்டேன். அவன் சொன்னதை இங்கே எழுதினால் கடிதத்தைத் தபால் கந்தோரிலேயே எரித்துவிடுவார்கள். ஆகவே பழைய கேள்விக்கே திரும்பிவிட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பின்னேரம் அவனை நாற்காலியில் இருத்தி முழுவதையும் வாசித்தேன். வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல் கட்டிலடியில் போய், "உன்ரை மகளின்ரை பேர் என்ன?" என்றேன்.

"எனக்குப் பிள்ளையில்லை" என்றான்.

பல்லும் தீட்டவில்லை, உடுப்பும் மாற்றவில்லை. வீட்டுச் சட்டையோடு பௌஸியின் ஓட்டோவில் ஏற்றினேன். வழி முழுக்க, "அக்கா, எனக்கொண்டுமில்லை, திருப்பச் சொல்லு" என்கிறான். மாறாட்டக்காரன் அப்படித்தானே சொல்வான்? பைறோஸா உடனே ஊசி போட்டாள். தண்ணீர் தெளிவு. கிருமியில்லை. காய்ச்சலில்லை. கைகளை நீட்டச் சொன்னாள், நடுக்கமில்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னாள், எனக்குமுன் கழித்தான். "அன்ரி, இவர்ட புத்தி ஒங்கடதவிடத் தெளிவு" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது, வேண்டுமென்றே சொல்லியிருக்கிறான். நான் அங்கேயே பொய்யை உடைத்தேன். மகள் இருக்கிறாள், தருகிறேனென்று எழுதியிருக்கிறாள் என்றேன். பைறோஸா அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டொக்டர், அந்தப் பிள்ளை ஒருக்கா என்ரை சத்தியைத் துடைச்சது காணும், அதுவே போதும்" என்றான்.

மண்டபத்தில் நடந்தது அவனுக்கு நினைவில்லையென்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தோம், இல்லையா? எல்லாம் நினைவிருக்கிறது. கஜு கூட.

வளர்ந்த மனிசன் வேண்டாமென்றால் வெட்ட முடியாதாம். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவனுடைய சோற்றில் உப்புப் போட்டிருப்பேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம் பிடுங்கித் தின்றவன், ஒருத்தி மனம் வந்து கொடுக்கும்போது பெரிய மனிசனாகிறான். இந்தப் பெருமையைப் பார்க்க எனக்கு அவனுடைய குடியைவிட அருவருப்பாக இருக்கிறது. பிறகு குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

மாமி


மெல்பேர்ண்
25 ஓகஸ்ட் 2024

அன்பு மாமிக்கு,

சுகம். நீங்களும் சுகமாயிருங்கள், இனி வீட்டுச் சட்டையோடு வீதிக்குப் போகாதீர்கள்.

ஒக்டோபர் இருபத்தாறாம் திகதி இரவு கட்டுநாயக்காவுக்கு வருகிறேன். அதற்கு முன் லீவு தரமாட்டார்கள். தனியாகத்தான் வருகிறேன். ஹோட்டல் வேண்டாம், பின்னறை போதும்.

டடியிடம் சொல்லுங்கள், இருபத்தேழாம் திகதி காலை அந்தக் கேள்வியை நான் கேட்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையில்லையென்று சொல்லட்டும் பார்ப்போம்.

ஷெரோமி


கொட்டாஞ்சேனை
17 நவம்பர் 2024

அன்பு மகள் ஷெரோமிக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. அனெற் உன்னைக் கண்டதும் என்ன செய்தாள்? நான் இருக்கிறேன். பௌஸியின் வீட்டிலிருந்து ஒவ்வொரு நேரமும் சாப்பாடு வருகிறது, அவர் மனைவி உப்புப் போட்டுத்தான் சமைக்கிறாள், எனக்கு நாக்கு எரிகிறது.

நீ இங்கே நின்ற நாட்களில் வீடு நிறைய ஆட்கள். தொலைபேசியில் உன்னைக் கூப்பிட்ட அன்றைக்கும், ஹெக்டர் போய்விட்டான் வா என்று மட்டும்தான் சொன்னேன். விமான நிலையத்தில் வைத்து, "நேரத்துக்குக் கொண்டுபோனீங்கள்தானே மாமி?" என்று கேட்டாய். ஓமென்றேன். அது பொய்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அவன் வேறு ஆள். நீ சொன்னதைச் சொன்னேன். "வரட்டும், கேக்கட்டும்" என்றான். முகம் மழித்தான். பிறெடியை வரச்சொல்லிப் பின்னறைக்கு வெள்ளை அடிப்பித்தான். காலையில் நான் கட்டிலடிக்கு வருமுன்பே உன் பெயரைச் சொல்லிவிடுவான், எனக்குக் கேட்க வேலையில்லை.

நீ வர இருந்த கிழமைத் திங்கட்கிழமையும் அப்படித்தான். நான் கேள்வியை முடிக்கவில்லை, "ஷெரோமி" என்றான். தெளிவாகச் சொன்னான். எனக்குச் சந்தோசம். கஞ்சியைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, உனக்குப் புதுப் படுக்கை விரிப்பு வாங்க மெயின் வீதிக்குப் போனேன். நீலத்தில் பூப்போட்டது, நீ படுத்தாயே, அதுதான். கடைக்காரனோடு விலை பேசி, பிறகு எவ்லினின் பெயரில் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, ஆறுதலாக, அவசரப்படாமல்தான் வந்தேன்.

வந்தபோது கஞ்சி அப்படியே இருந்தது. அவன் மின்விசிறியைப் பார்த்து, "ஷெரோமி, காத்து காணும்" என்றான். பௌஸி தூக்க வந்தபோது அவரிடம், "ஷெரோமி, மெல்ல" என்றான். நான் முகம் துடைத்தேன், நானும் ஷெரோமி. வார்ட்டில் சலப்பை போட்ட தாதியும் ஷெரோமி. உலகத்தில் வேறு பெயரே அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் அந்தப் பழைய கலங்கல். இந்த முறை சிறுநீரகம் தாங்கவில்லை.

காலையில் சரியாகத்தானே சொன்னான் என்று பைறோஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னேன். என்ன கேட்டீங்க என்றாள். அதுவரைக்கும் அவளிடம் நான் கேள்வியைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சொன்னேன். அவள் முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு, "மறக்கக்கூடிய ஒண்டக் கேட்டீக்கணும் அன்ரி" என்றாள்.

நீ மாற்றச் சொன்னாய். கிழமை, சனாதிபதி என்று நான் எழுதினதெல்லாம் நடந்ததுதான், ஆனால் அதனால் நான் பழைய கேள்விக்குத் திரும்பவில்லை. இரண்டு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இந்த வீட்டில் காலையில் யாராவது உன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காகத்தான்.

மரண வீட்டில் பிறெடி பின்படிக்கட்டில் ஆம்பிளைகளுக்குப் போத்தல் திறந்தபோது நான் அதைப் பறித்து எறிந்தேன். "ஒரு மரியாதைக்கு அன்ரி" என்று அவன் கெஞ்ச, எல்லோர் முன்னாலும் அவனைப் பார்த்துத் தூ என்று துப்பினேன். நீ வந்து என்னை அணைத்துக்கொண்டாய், துக்கம் தாங்காமல் செய்கிறேனென்று நினைத்தாய். பிறெடி மேல் எனக்கு ஒன்றுமில்லை, பாவம், அவன் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு இன்னும் மணக்கிறது. எனக்கு என்னைத்தான் துப்ப வேண்டும்போல் இருந்தது, மகள்.

இதை வாசித்துவிட்டு நீ எழுதாமல் விட்டாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். விரிப்பைத் தோய்த்து மடித்துப் பின்னறைக் கட்டிலில் வைத்திருக்கிறேன்.

உன் மாமி,
கொன்ஸ்ரன்ஸ்